கீபோட் கருகிய கலியாணமும் நாலு வாத்தியமும்

1. வானில் ஒரு சீற்

கொடிகாமத்தில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போகும் வழியில்தான் எனக்கு வேலை போனது. எங்கள் இசைக்குழுவின் தலைவர் சிவபாலன் அண்ணை வான் வண்டியின் முன் சீற்றில் இருந்து திரும்பிச் சொன்னார்.

"ரவி, குறை நினையாதை. உனக்கு இண்டையோடை சரி. புதுக் கீபோட்டிலை பேஸை இடது கையாலை நானே வாசிக்கலாம். வானிலையும் ஒரு சீற் மிச்சம்."

நான் பேஸ் கிற்றார் வாசிப்பவன். பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரம்தான் பேஸ். அது இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. இல்லாவிட்டாலும் கவனிக்க மாட்டார்கள் என்பது அண்ணையின் முடிவு. "ஓம் அண்ணை" என்றேன். ஓடும் வானில் வேறு என்ன சொல்வது? மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று சாவகச்சேரி வரைக்கும் யோசித்தேன். பக்கத்தில் இருந்த ஜெயசீலன் ஒரு ரொபி மிட்டாயை நீட்டினார்.

ஜெயசீலன் எங்கள் லீட் கிற்றார்காரர். மெதடிஸ்த குடும்பம். அறுபதுகளில் இங்கிலாந்தில் கிளம்பிய பீட் இசைக்குழுக்களின் இசைத்தட்டுகளை அவருடைய தகப்பனார் சேர்த்து வைத்திருந்தார். ஆகவே மற்றப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த வயதில் இவர் அவற்றைக் கேட்டு வளர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். குழுவில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

2. மணம்

மண்டபத்து மேடையில் வயர் எல்லாம் பூட்டி, சத்தம் சரிபார்த்துவிட்டு, ஒலிபெருக்கி அம்ப்களை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். அண்ணை கீபோட்டை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாட்டுகளுக்குரிய செற்றிங் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். அப்போது கரண்ட் போனது. மண்டபத்தார் ஜெனரேற்றரைப் போட்டார்கள். லைற்றுகள் தேவைக்கு மேல் பிரகாசமாக எரிந்தன. மேடையில் இருந்து கருகல் மணம் வந்தது. மண்டபத்தார் ஓடிப்போய் ஜெனரேற்றரின் வேகத்தைக் குறைத்தார்கள்.

அண்ணை கீபோட்டின் எல்லாப் பொத்தான்களையும் அமத்திப் பார்த்தார். பிறகு அதைத் தடவினார். எங்கள் குழுவின் வயலின், புல்லாங்குழல், தபேலா, நாதஸ்வரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

கலியாணப் பொம்பிளையின் தகப்பனார் மேடைக்கு வந்தார். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்பவர்.

"என்ன தம்பி, பெட்டி பத்திட்டுதோ?"

"ஓம் ஐயா" என்றார் அண்ணை.

"பொம்பிளை மாப்பிளை இப்ப உள்ளை வரப்போயினம். அதுக்கு வாசிக்கிறது அவள் ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டு. வாசிப்பியளோ, இல்லாட்டி ஃபோனிலை போட்டுவிடவோ?"

ஃபோனில் போட்டால் அந்தச் செய்தி விடிய முதல் வல்வெட்டித்துறை வரை போய்விடும். பிறகு எங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். எனக்கு அன்றோடு வேலை இல்லை. ஆனாலும் பேஸைத் தோளில் மாட்டினேன்.

ஜெயசீலன் தன் மேலதிகக் கிற்றாரை எடுத்து அண்ணையிடம் கொடுத்தார்.

"அண்ணை, ரெண்டு கிற்றார், ஒரு பேஸ், ஒரு டிரம். அந்தக் காலத்து இங்கிலீஷ் குழுக்களிட்டை உது நாலும்தான் இருந்தது. உதை வைச்சு உலகத்தையே ஆட்டினவங்கள்."

"அவங்கள் கொடிகாமத்திலை வாசிக்கேல்லை" என்றார் அண்ணை. ஆனாலும் கிற்றாரை வாங்கிக்கொண்டார். கீபோட்டுக்கு மாறும்முன் அவர் கிற்றார்தான் வாசித்தவர்.

"ரவி, நீ பாடவும் வேணும்" என்றார் ஜெயசீலன்.

"எனக்குப் பாட வராது."

"பாட வேண்டாம். நான் காட்டிற சுரத்திலை ஆ எண்டு பிடி."

3. வயலின் இருந்த இடம்

புல்லாங்குழலில் வரும் முன்னிசையை ஜெயசீலன் கிற்றாரில் சுருக்கி, திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னத் துண்டாக வாசித்தார். டிரம் அடிக்கும் ரூபன் அடியை நேராக, கொஞ்சம் விரைவாகப் பிடித்தான். பாடகி சுகந்தி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பாடத் தொடங்கினார். வயலின்கள் வரவேண்டிய இடத்தில் நானும் ஜெயசீலனும் ஆ என்றோம். பாட்டு விரைவாக ஓடியதால் பொம்பிளையும் மாப்பிளையும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். பொம்பிளை சிரித்துக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது பாட்டில்தான் அதைக் கண்டேன். அண்ணைக்குக் கோர்ட்டுகள், அதாவது கிற்றாரில் சேர்த்துப் பிடிக்கும் சுரக் கூட்டுகள், மறந்துவிட்டன. என் கையைப் பார்த்து, நான் எந்தச் சுரத்துக்குப் போகிறேனோ அந்தக் கோர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஒன்றிரண்டு சுரம் நடந்து போய், வழி காட்டிவிட்டுப் போனேன். இப்படி நடக்கும் பேஸ் எங்கள் சினிமாப் பாட்டுகளிலும் நிறைய உண்டு. அதில் பாதி அந்தக் குழுக்களைக் கேட்டவர்கள் போட்டது என்று ஜெயசீலன் பல தடவை சொல்லியிருக்கிறார். நான்தான் காது கொடுக்கவில்லை.

கடைசியில் ஆட்டப் பாட்டான பைலா வாசித்தோம். அதற்குக் கீபோட் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. ஆடினார்கள்.

பொம்பிளையின் தகப்பனார் வந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம்.

"நல்லாயிருந்தது. பாட்டு நடக்கேக்கை ஆக்கள் கதைக்கிறதும் கேட்டது. தங்கச்சியின்ரை மகளுக்குத் தையிலை கலியாணம். பெட்டி இல்லாமலே வாருங்கோ."

திரும்பும்போது வானில் அண்ணை நெடுநேரம் விரல் நுனிகளை ஊதிக்கொண்டு வந்தார். கிற்றார்க் கம்பி அறுத்திருந்தது.

"ரவி, தையிலை உனக்கு வேறை வேலை கிடக்கோ?"

"நீங்கள்தானே அண்ணை நிப்பாட்டினீங்கள்."

"அது போகேக்கை சொன்னது."

கீபோட்டைப் பிறகு திருத்தி எடுத்தோம். அதில் பேஸை மட்டும் அண்ணை தொடுவதில்லை. நானும் அந்த இங்கிலீஷ் குழுக்களைத் தேடிக் கேட்டேன். பொடியங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒருவன் வாசிக்கும்போது மற்றவன் இடம் விடுகிறான், அவ்வளவுதான். அதைப் பழக எங்களுக்கு ஒரு கீபோட் செலவானது.

பேஸ் பழக வருகிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். பக்கத்தில் நிற்பவருக்கு அடுத்த கோர்ட் மறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். பெரும்பாலும் மறந்துதான் இருக்கும்.