வாயில் குண்டூசி

எங்கள் தெருத் தையல்கார மாமா ஐந்து வேளையும் தொழுகிறவர். பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அவருக்குக் கையே ஓடாது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மாடி வீட்டு நர்ஸம்மா பிள்ளைகளின் கவுன்களை வாங்க வரும்போது மட்டும் நான்கைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வார். அவர் சொல்லும் கிறிஸ்துமஸ் வாழ்த்தைப் பதிலுக்குச் சொன்னால், கடவுள் குழந்தையாகப் பிறந்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயம். தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிடுவார்.

"ஊருக்கெல்லாம் வாய் கிழியுது, இவங்களக் கண்டா மட்டும் பூட்டா?" என்று அத்தை குத்துவார். நோன்புப் பெருநாளன்று மாமா வீட்டு வாசலுக்கு முதலில் வந்து வாழ்த்துகிறவர் அந்த நர்ஸம்மாதான்.

இந்த வருடமும் ஊசிகள் உதட்டுக்குப் போயின. நர்ஸம்மா துணிகளை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு சின்னப் பஞ்சுத் திண்டை எடுத்து மிஷின் மேல் வைத்தார்.

"நானே தச்சேன்ணே, கோணல்மாணலா இருக்கும், சிரிக்காதீங்க. எப்ப வந்தாலும் ஊசிய வாயில வச்சிருக்கீங்க. உள்ள போயிட்டா என்ன ஆகும்னு ஆஸ்பத்திரியில பாத்தவ நான். இனிமே இதுல குத்தி வைங்க."

மாமாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினார்.

"கடவுள் பொறந்தார்னு என் வாயால சொல்ல முடியாதும்மா. அதுக்குத்தான் இந்த ஊசி. பிள்ளைங்களோட சந்தோஷமா இருன்னாவது சொல்லியிருக்கலாம். அதக்கூடச் சொல்லல."

"அது போதும்ணே. உங்க பெருநாளுக்கு நானும் அதத்தானே சொல்றேன்?"

அவர் படியேறிப் போன பிறகும் மாமா நிமிரவில்லை. ஓடாத மிஷினின் மிதியில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.