இடது கைக்கு ஒரு கத்தி

நாங்கள் அமீரகத்தில், புஜைராவில் இருந்தபோது சித்தி எங்களோடுதான் தங்கியிருந்தாள். கடற்கரை ஹோட்டல் ஒன்றின் ஜப்பானியச் சமையலறையில் அவளுக்கு வேலை. அவளும் நானும் இடது கைக்காரிகள். அப்பாவுக்கு அது பிடிக்காது. என் இடது கை சோற்றுக்குப் போனால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு விழும். சித்தியைத் தட்ட முடியாததால் அவளுக்கு உரியதையும் சேர்த்து எனக்கே கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் கத்திகளைப் பற்றிச் சித்தி சொல்லித்தான் தெரியும். தடித்த தேபா, மீனின் தலையை எடுக்க. நீண்டு மெலிந்த யனாகிபா, பச்சை மீனை ஒரே இழுப்பில் சீவ. இரண்டுக்கும் ஒரு பக்கம்தான் சாணை, அதுவும் வலது கைக்குத் தோதான பக்கம். இடது கையில் பிடித்தால் துண்டு கோணிக்கொள்ளும். கையை மாற்றிக்கொள் என்று தலைமைச் சமையல்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தியோ ஜப்பானிலிருந்து இடது கை யனாகிபா ஒன்றை வரவழைத்தாள். வரிசையில் எல்லோருடைய கையும் ஒரே மாதிரி அசைய வேண்டும் என்று அவர் அதைத் தொடவே விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம், டியூட்டி நேரத்தில், முள் நீக்கிய நெய்மீனோடு சித்தி வீட்டுக்கு வந்தாள். அன்று காலை தன் கத்தியை எடுத்துக்கொண்டு பலகை முன் போய் நின்றிருக்கிறாள். வலது கையால் வெட்டு, இல்லாவிட்டால் வெளியே போ என்றாராம் தலைமைச் சமையல்காரர். கத்தியைத் துடைத்து, துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். சித்தி மீனைச் சீவினாள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நேராக விழுந்தன.

சாப்பிட வந்த அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது.

"வேலை போனா விசாவும் போயிரும்லா? கைதானம்மா, மாத்திக்கிட்டா என்ன?"

"எல்லாருக்கும் என் கையத்தான் மாத்தணும்னு தோணுது. கத்திய மாத்துனா என்ன அத்தான்?"

அப்பா தட்டின் முன் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே இடது கையைச் சோற்றில் வைத்தேன். கரண்டி உயர்ந்தது.

"அவ அந்தக் கையாலயே திங்கட்டும்" என்றாள் சித்தி, தலையை நிமிர்த்தாமல்.

அப்பா கரண்டியைக் குழம்பில் விட்டு, தனக்கே ஊற்றிக்கொண்டார்.

நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். இனிமேல் பகலெல்லாம் வீட்டில்தானா என்று சித்தியிடம் கேட்டேன். கொஞ்ச நாளைக்கு என்றாள். விசா ரத்தாகி ஊருக்குக் கிளம்புவதற்குள் மிஞ்சும் நாட்களைத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு மீன் கேட்டேன்.