அடுப்புக்கு மேலே அரசங்கன்று

தாவரங்கள் தண்ணீரை விட்டுக் கரையேறிய பாடத்தை நான் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்த மழைக்காலத்தில், அந்தப் பாடம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே நடந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. தாராவியில் அக்கா வீட்டில் தங்கி, மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படித்தேன். ஒற்றை அறை, தகரக் கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாயின் தோல் பட்டறை.

முதலில் குழாய் கசிந்த இடத்தில் பச்சைப் படலம் வந்தது. வீட்டில் அதைப் பாசி என்றார்கள், புத்தகத்தில் மாஸ். நிஜமான வேர் இல்லாத பிறவி. ஈரம் இருந்தால் பச்சை, காய்ந்தால் சுருண்டு கிடக்கும். அப்புறம் பெரணி. உடம்புக்குள் நீர் ஏற்றும் நரம்பு இருப்பதால் அது நிமிர்ந்து நின்றது. ஆனாலும் இனம் பெருக அதற்கு ஈரம் வேண்டும். இரண்டையும் ரசித்தேன். மூன்றாவதாக, கட்டிலுக்கு நேர் மேலே, கூரையும் சுவரும் சேரும் விரிசலில் அரசங்கன்று முளைத்தது. காக்கை எச்சத்தில் வந்த விதை. விதைக்குள்ளேயே சாப்பாடு, இலையில் மெழுகுப் பூச்சு, ஈரத்தைத் தேடிச் சுவரைப் பிளக்கும் வேர். இதை என்னால் ரசிக்க முடியவில்லை.

அந்தக் கட்டிலில்தான் அக்கா நிறைமாத வயிற்றோடு படுப்பாள். பல வருடம் செம்பூர்க் கோயில் அரச மரத்தைச் சுற்றிய பிறகு தங்கிய பிள்ளை. விரிசலோ நாளுக்கு நாள் அகன்றது. சாந்து பொடிந்து அவள் தலையணையில் விழும். கல்லூரியிலிருந்து திரும்பும்போது சந்துமுனையில் நாலு பேர் கூடி நின்றால், சுவர் விழுந்துவிட்டது என்றே நினைத்து ஓடுவேன். தண்ணீர்க் குழாய்ச் சண்டையாக இருக்கும்.

“அத்தான், அத வெட்டிப் போடுங்க.”

“பொண்டாட்டி மாசமா இருக்கையில மரத்த வெட்டலாமா? பாய்ட்ட கேட்டுப் பாக்கேன்.”

பாய்க்கும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். வந்தார், அண்ணாந்து பார்த்தார், கையை விரித்தார். “எங்க வீட்டுலயும் மாசமால்லா இருக்கா, அண்ணாச்சி. நானும் தொடக் கூடாதே.”

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இந்த விஷயத்தில் பேதமே இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கலாமே என்றேன். சொல்லி வெட்ட வைத்தாலும் பாவம் சொன்னவனைத்தான் சேருமாம். பயத்தோடு கோபமும் சேர்ந்துகொள்ள, நானே அரிவாளை எடுத்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, எம் பிள்ள மேல ஆணை. தொடாத!”

வைத்துவிட்டேன். வெட்டினாலும் உள்ளே இருக்கும் வேர் மறுபடி துளிர்க்கும் என்று தெரியும். ஆனால் சும்மா இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் ஆண்கள் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டிலை எதிர்ச் சுவர் பக்கம் தள்ளினார்கள். அங்கே இருந்த மேசையும் ஸ்டவ்வும் அரசங்கன்றுக்குக் கீழே வந்தன. அறை அவ்வளவுதான், ஒன்று அங்கே போனால் மற்றது இங்கே வந்தாக வேண்டும்.

பாய் கையைத் தட்டித் தூசை உதறினார். “இனி பயமில்ல.” அத்தான் எல்லோருக்கும் டீ போடச் சொன்னார். அக்காவின் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் உயிர் வந்தது. கொஞ்சம் அழுதும்விட்டேன்.

ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன். வெளியே மழை வலுத்தது. தலைக்கு மேலே சுவருக்குள் ஏதோ நறநறத்தது. பாலில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பவள் நான்.

திரும்பிப் பார்த்தேன். மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாலப் பாத்துக்கட்டி, பொங்கிராம,” என்றாள் அக்கா.