அம்பயர் முட்டியைத் தொட்டபோது

போன புதன்கிழமை மாலை நெய்யூரில் என் சம்பந்தி வீட்டில் ஜெபக்கூட்டம். கடைசிப் பாட்டு முடிந்து டீ வந்தபோது மணி 7.10. (நேரம் குறிக்காமல் எனக்கு எழுத வராது. இந்தப் பக்கத்தை வாரம்தோறும் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.)

டீ கிளாஸோடு எல்லோரும் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன் கூடினார்கள். பச்சைப் புல்தரை. வெள்ளை உடுப்பு. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பேட்டைத் தூக்கி நிற்கிறார் என் மருமகன் ஆல்வின். கீழே பொன்னிற எழுத்தில், ‘முதல் அரைசதம், மெல்போர்ன்.’

வந்தவர்களில் ஒருவர் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஸ்கோர் எழுதுனது சாருதானே? அம்பது எத்தன பந்துல?”

சம்பந்தி கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் மனைவி ஜாய்ஸ் தரையைப் பார்த்தாள்.

எத்தனை பந்து என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எழுபத்தொன்று. சிக்கல் பந்தில் இல்லை... ஐம்பதில்!

நானும் ஜாய்ஸும் மெல்போர்னில் மகள் ஷீபா வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தோம். அங்கே டிசம்பர் என்றால் கோடை. ‘கிறிஸ்துமஸ் அன்று ஃபேன் போட வேண்டியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்து வீட்டம்மாள் எங்களை எச்சரித்தார். நாகர்கோவில்காரனிடம் சொல்கிற விஷயமா இது?

எனக்கு அந்த ஊரில் முதலில் பிடித்தது குப்பைத் தொட்டி. சிரிக்காதீர்கள். சிவப்பு மூடித் தொட்டியை வாராவாரம் எடுப்பார்கள். மஞ்சள் மூடி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பச்சை மூடி மஞ்சள் வராத வாரம். எந்த வாரம் எது என்று தெருவே குழம்பும். நான் டைரியில் குறித்து வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்குள் எங்கள் வாசலில் எந்த மூடி நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்டை வீட்டார் தங்கள் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

இந்தப் புகழ்தான் என்னை மாட்டிவிட்டது.

ஆல்வின் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சனிக்கிழமை லீவு கிடைத்தால் உள்ளூர் கிளப்பில் கிரிக்கெட். ஐந்தாம் கிரேடு. அதற்குக் கீழே கிரேடு கிடையாது. ஆறு சீசனாக ஆடுகிறார், அதிகபட்சம் முப்பத்தெட்டு. வயது முப்பத்தாறு. ‘ஒரே ஒரு ஐம்பது அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்’ என்று ஷீபாவிடம் வருடாவருடம் வாக்குக் கொடுப்பாராம். கிளப்புக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை. மாமனார் இருக்கும்போது என்ன கவலை?

நானும் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தேன். மரத்தடியில் ஒரு சின்ன மேஜை, தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மூன்று நிறப் பேனா. போனிலேயே எழுதலாம் என்றார்கள். ‘முதலில் பேப்பர், பிறகு போன்’ என்று சொல்லிவிட்டேன். ஐந்து சனிக்கிழமை ஒரு பிழை இல்லை.

ஆறாவது சனிக்கிழமை வந்தது.

கீழ் கிரேடில் தனியாக அம்பயர் கிடையாது. பேட்டிங் செய்யும் அணியிலிருந்தே இரண்டு பேர் போய் நிற்பார்கள். அன்று நின்றவர்களில் ஒருவர் கிரஹாம். அறுபத்திரண்டு வயது, பிளம்பர், இன்னும் ஆடுகிறார். காலையில் ஃபீல்டிங் செய்யும்போது பந்துக்குப் பந்து முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜாய்ஸுக்குப் பொறுக்குமா? ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு பாட்டில் காயத்திருமேனி தைலம் எடுத்து வைத்திருந்தாள். ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி அதைத் திறந்து மோந்து பார்த்து, அதே வேகத்தில் மூடித் திருப்பிக் கொடுத்த பாட்டில். டீ இடைவேளையில் எல்லோரும் அவள் செய்த முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டிருக்க, அவள் கிரஹாமிடம் பாட்டிலை நீட்டி, எப்படித் தேய்க்க வேண்டும் என்று சைகையில் பாடம் எடுத்தாள். மனிதரும் மறுக்காமல் தேய்த்துக்கொண்டார்.

இரண்டாவது இன்னிங்ஸ். ஆல்வின் ஆடுகிறார். முப்பத்தெட்டைத் தாண்டினார். நாற்பதைத் தாண்டினார். ஷீபா நின்றபடியே போனில் படம் எடுக்க ஆரம்பித்தாள். நாற்பத்தொன்பது.

அடுத்த பந்து காலுக்குப் பக்கமாகப் போய்ப் பின்னால் ஓடியது. ஒரு ரன் ஓடினார்கள். ஓடி முடித்து ஆல்வின் பார்ட்னரிடம் பேசப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் கிரஹாம் என்னை நோக்கித் திரும்பி, காலை லேசாகத் தூக்கி, முட்டியைத் தொட்டார்.

கிரிக்கெட்டில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. பந்து பேட்டில் படவில்லை, காலில் பட்டது. ரன் அணிக்குச் சேரும், ஆடினவருக்குச் சேராது. லெக்-பை. புரிந்தது என்று ஸ்கோரர் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலேயே கமென்டரி கேட்டு வளர்ந்தவன்.

ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது — பாவம், இன்னும் வலிக்கிறது போல.

கவலைப்படாதீர்கள், தைலம் பைய வேலை செய்யும் என்று ஆறுதலாகக் கையைத் தூக்கினேன். அவர் திருப்தியாகத் திரும்பிக்கொண்டார். நான் ஆல்வின் பெயருக்கு நேரே ஒன்று போட்டேன். எழுந்து நின்று கை தட்டினேன். பெஞ்ச் முழுக்கத் தட்டியது. ஆல்வின் ஒரு நொடி நின்று பார்த்தார். பிறகு பேட்டைத் தூக்கினார்.

அடுத்த ஓவரில் வேறு ரன் எடுக்காமலே போல்டு. அணி ஜெயித்தது. ஆல்வின் பேடைக்கூடக் கழற்றாமல் நெய்யூருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னார். எதிரணியின் ஸ்கோரர் அன்று வரவில்லை. என் நோட்டோடு ஒத்துப் பார்க்க இன்னொரு நோட்டு இல்லை.

5.40-க்கு கிரஹாம் பாட்டிலைத் திருப்பித் தர வந்தார். அற்புதமான எண்ணெய் என்றார். தேய்த்த பிறகு முட்டியைத் தொடவே தேவைப்படவில்லையாம். அந்த ஒரு லெக்-பை காட்டத் தொட்டதோடு சரியாம்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு நூலகக் கல்வெட்டில் வருடம் தப்பு என்று மூன்று கடிதம் எழுதியவன் நான். இங்கே? அணியின் மொத்தம் மாறாது. வெற்றி மாறாது. யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டு கட்டத்தில் இரண்டு எண் மட்டும் மாறும். அதில் ஒன்று ஆறு வருட ஆசை. சொல்வதா, விடுவதா?

மறுநாள் சர்ச்சில் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. ஆராதனை முடிந்து கார் நிறுத்தியிருந்த இடத்தில், ஷீபாவும் ஜாய்ஸும் வருவதற்குள், ஆல்வினிடம் சொல்லிவிட்டேன். அவர் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

“மாமா, பந்து எனக்க காலுலதான் பட்டுது. எனக்கு அப்பமே தெரியும்.”

“பின்ன என்னத்துக்கு மக்கா பேட்டைத் தூக்குன?”

“நீங்க எந்திச்சு நிண்ணு கை தட்டுனிய. மாமா எழுதுனா தப்பு வராதே... பேட்டுலயும் கொஞ்சம் உரசியிருக்கும்ணு நெனச்சேன்.”

தன் காலை விட என் நோட்டை நம்பியிருக்கிறார்! என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு இதுதான். அது ஒரு பிழைக்குக் கிடைத்தது.

அவரே கிளப் செயலாளருக்குப் போன் செய்து நாற்பத்தொன்பது என்று மாற்றச் சொன்னார். தன் ரன்னைக் குறைக்கச் சொல்லி ஒருவன் கூப்பிடுகிறான் என்பது அந்த மனிதருக்குப் புரியவே இரண்டு நிமிடம் ஆனதாம். ஆனால் சனிக்கிழமை ஷீபா அனுப்பிய படம் அதற்குள் நெய்யூர் வந்து, பிரிண்ட் ஆகி, சட்டமும் போட்டாயிற்று. ஆல்வின் அப்பாவிடம் உண்மையைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதே சரி.

இப்போது இந்த பி.டி. மாஸ்டர் கேட்கிறார். வீடு நிறைய விருந்தாளிகள். சம்பந்தி பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

“எழுபத்தொரு பந்து,” என்றேன். “ஆனா அம்பது இல்ல, நாப்பத்தொம்பது. ஒரு ரன்னு எனக்க தப்பு.”

முழுக் கதையையும் சொன்னேன். தைலம் வந்த இடத்தில் யாரோ ஒருவருக்கு டீ புரையேறியது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் என்னைப் போலக் கணக்கு ஆள்.

“அப்பம் இதுல பேட்டத் தூக்கிட்டு நிக்கது?”

சம்பந்தி எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார்.

“அது அம்பதுக்கு இல்ல சாரே. மாமனாருக்கு வேண்டி தூக்குனது. பய ஞாயித்துக்கிழமையே எங்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு.”

படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். பேட் நீண்டிருந்த திசையில், மரத்தடியில், மங்கலாக ஒரு வெள்ளைத் தொப்பி. கை தட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ முறை போனில் பெரிதாக்கிப் பார்த்த படம்தான். அந்தத் தொப்பியை நான் கவனித்ததே இல்லை.

கீழே உள்ள எழுத்தையாவது மாற்றலாமே என்று வாயெடுத்தேன். ஜாய்ஸ் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நாகர்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வில்லுக்குறி தாண்டியதும் ஆரம்பித்தாள்.

“எல்லாம் செரி. எனக்க தைலத்தச் சொல்லி எல்லாருமா சிரிச்சிய. அந்த மனுசனுக்கு முட்டுவலி போச்சுதா, இல்லியா?”

போயிற்று. அன்றைய மேட்சில் பிழையில்லாமல் வேலை பார்த்தது அந்த பாட்டில் ஒன்றுதான்.