ஏழு கிழமையும் பிறந்தவள்

மா கல்யாவுக்குப் படம் வரைய வராது. அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்போம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ரங்கூனில் தூரிகை பிடித்தவர்களில் அவள் கடை வாசலில் வந்து நிற்காதவர்கள் குறைவு.

பான்சோடான் தெருவில், தேநீர்க் கடைக்கும் குடை ரிப்பேர்க்காரருக்கும் நடுவில், ஓர் ஆள் காலை நீட்டினால் நிறைந்துவிடுகிற இடம் அவளுடையது. அந்தத் தெருவின் புத்தகக் கடைக்காரர்கள் புத்தகத்தை வாடகைக்கு விட்டார்கள், அவள் தாளை விட்டாள். கப்பலில் சமையல்காரராக இருந்த அவள் கணவர் துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கி வந்த பத்திரிகை, காலண்டர் எல்லாவற்றிலிருந்தும் ஓவியப் பக்கங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் கப்பல் ஏறிப் போன கணவர் திரும்பி வரவில்லை. வான்காவையும் மத்தீஸையும் நாங்கள் முதலில் பார்த்தது அந்த அட்டைகளில்தான்.

தாளைத் திருப்பித் தரும்போது ஒரு நோட்டில் எழுத வேண்டும். இந்த ஓவியரை ஏன் பிடித்தது என்று இரண்டு வரி. அடுத்து எடுக்கிறவர் அதைப் படித்துவிட்டுத் தன் பங்குக்குச் சண்டை போடுவார். பெயர் மட்டும் எழுத மாட்டோம். ராணுவ ஆட்சி நடந்த அந்த வருஷங்களில் பெயர் எழுதப் பைத்தியக்காரன்கூடச் சம்மதிக்க மாட்டான். பதிலுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி அவரவர் பிறந்த கிழமைக்குரிய மிருகத்தை ஓரத்தில் வரைந்துவிடுவோம். திங்களுக்குப் புலி, புதனுக்கு யானை, வியாழனுக்கு எலி, எனக்கு வெள்ளிக்கிழமையின் கினிப்பன்றி. ஊரில் ஏழில் ஒருவன் வெள்ளிக்கிழமைக்காரன், எவன் கண்டுபிடிப்பான் என்று நினைத்தோம்.

நோட்டின் முதல் பக்கம் மா கல்யாவுடையது. வான்கா வரைந்த வெறும் நாற்காலி பிடிக்கும் என்று எழுதியிருந்தாள். 'யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள்' என்பது அவள் காரணம். பக்கத்தில் அவள் போட்ட புலி, மழையில் நனைந்த பூனை போல இருக்கும்.

நான் சினிமாக் கொட்டகைகளுக்கு பேனர் வரைகிறவன். மத்தீஸின் ஒரு அறையை எடுத்துப் போயிருந்தேன். சுவர், மேசை, எல்லாமே சிவப்பு. ஓவியக் கண்காட்சியில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலே, கலகத்தின் நிறம் என்று, சோதனைக்கு வருகிற அதிகாரிகள் படத்தை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்த சமயம். எனக்கு வாய் சும்மா இருக்காது, கையும் அப்படித்தான். 'நம்ம ஊர்ச் சுவர்களிலும் ஒருநாள் இந்தச் சிவப்பு வரும்' என்று எழுதினேன். பெயின்ட்டைத்தான் சொன்னேன். ஓரத்தில் கினிப்பன்றி போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஆனி மாதம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாடிக்கையாக வர ஆரம்பித்தார். நகங்கள் அவ்வளவு சுத்தம். ஹிரோஷிகே வரைந்த மழையைத்தான் திரும்பத் திரும்ப எடுப்பார். நோட்டில் அவர் வரைந்த எலி, மீசை மயிர்கூட எண்ணலாம், அத்தனை நேர்த்தி. நல்ல ரசிகர் என்று நாங்களே இடம் விட்டு உட்கார வைத்தோம்.

ஒரு திங்கட்கிழமை அவர் நோட்டை நிதானமாகப் புரட்டினாராம்.

"இந்த யானையைப் பாருங்கம்மா. கையைத் தூக்காம ஒரே கோடு. இது கோ வின் ஸாதானே?"

மா கல்யா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தின் மூலையை அவர் மடித்துவிட்டார்.

"இந்தச் சிவப்புக்காரரைத்தான் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு, பிடிபட மாட்டேங்குது. மொத்தம் முப்பத்தொரு மிருகம், எண்ணிட்டேன். எல்லாத்துக்கும் பக்கத்துல பேரை எழுதி வைங்க. வியாழக்கிழமை வரேன்."

செவ்வாய்க்கிழமை காலை, அந்த யானையை வரைந்த ஓவியர் கோ வின் ஸா மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். பாதிக் கிண்ணம் அப்படியே இருந்தது என்று அவர் மனைவி அழுதாள்.

நான் மதியமே கடைக்கு ஓடினேன். மா கல்யா நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். அப்போதுதான் எங்கள் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. பெயரை மறைத்துவிட்டுக் கையைக் காட்டியிருந்தோம். ஓவியனுக்குப் பெயரைவிடக் கோடுதானே பெரிய அடையாளம்! என் கினிப்பன்றியின் கண்ணில், இடது ஓரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. நகரத்தில் நான் வரைந்த அத்தனை கதாநாயகிகளுக்கும் அதே புள்ளி உண்டு. அந்த ஆள் வீட்டுக்குப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

"எரிச்சுடுங்க அக்கா."

"எரிச்சா? இங்க வந்து போன எல்லாரையும் அள்ளிட்டுப் போவான். எண்ணி வச்சிருக்கான்டா."

"என் பக்கத்தையாவது கிழிச்சுடுங்க."

"அதைத்தான் மடிச்சு வச்சிருக்கான். அதுல ஒரு எழுத்து குறைஞ்சாலும் கேப்பான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கினிப்பன்றிக்குச் சினிமாக்காரி கண்ணா வைப்பாங்க? போ, போய் வேலையைப் பாரு. வியாழக்கிழமை இந்தப் பக்கம் வராத."

போனேன். ஆனால் வியாழக்கிழமை வராமல் இருக்க முடியவில்லை. தேநீர்க் கடையில், அவள் கடையை ஒட்டிய மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தட்டியின் இடுக்கில் அவள் கை தெரிந்தது. விரலெல்லாம் மை. வெள்ளைச் சட்டைக்காரர் குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, அவள் நீட்டிய நோட்டை வாங்கினார். பக்கங்கள் புரளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது.

"பேர் எங்க?"

"ஒரே பேர்தான் சயா," என்று மா கல்யா மரியாதையாகச் சொன்னாள். "முதல் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"இதெல்லாம் ஒரே கையா இருக்கே."

"என் கைதான். வேற யாருக்கு யானை இப்படிப் பன்னி மாதிரி வரும்?"

புது நோட்டு. முப்பத்தொரு மிருகங்களையும் இரண்டு நாள் உட்கார்ந்து அவளே வரைந்திருக்கிறாள். ஒவ்வொருவரும் எழுதியதை எழுத்து மாறாமல் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். பழைய நோட்டின் சாம்பலைக்கூட அவர் கண்டிருக்க மாட்டார்.

"இது நான் பாத்த நோட்டு இல்லை."

"வேற நோட்டு இந்தக் கடையில கிடையாது சயா. தேடிப் பாருங்க."

"முப்பத்தொரு பேருக்குப் பிடிச்ச படமும் உங்களுக்கே பிடிச்சதா? திங்கக்கிழமை பொறந்தவங்கதானே நீங்க?"

"எல்லாக் கிழமையும் நான் பொறந்த கிழமைதான் சயா. உங்க எலியும் நான் போட்டதுதான், பாருங்க. மழைப்படம் எனக்கும் பிடிக்கும்."

பக்கங்கள் மறுபடி புரண்டன. மடித்த பக்கத்தைத் தேடியிருப்பார். இந்த நோட்டில் மடிப்பு ஏது?

"அந்தச் சிவப்பு?"

"அதுவும் நான்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுத்தான் எழுதினேன்."

நான் எழுந்திருக்கலாம். தட்டியைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் போதும், அது என் வரி என்று சொல்லியிருக்கலாம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேவலம் என்று எனக்கே தெரிந்தது.

கடைக்குப் பலகை போடும் சத்தம் கேட்டது. சாவியைக் கொடுக்க மா கல்யா தேநீர்க் கடைக்கு வந்தாள், அவர் குடையோடு தெருவிலேயே நின்றார். என்னைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் மழைச் சத்தத்தில் தெருவுக்கு எட்டாமல், எனக்குக் கேட்கும்படி கடைக்காரரிடம் சொன்னாள்.

"அந்த பேனர்க்காரர் வந்தா சொல்லிடுங்க. அவர் போடற கதாநாயகிக்கெல்லாம் கண்ணுல புள்ளி நல்லாவே இல்லையாம். இனிமே வைக்க வேணாம்னு அக்கா சொன்னாங்கன்னு சொல்லுங்க."

அவர் குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார். இருவரும் மழைக்குள் நடந்து போனார்கள்.

என் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. மற்ற இருபத்தேழு பேர் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. மா கல்யா உட்காரும் முக்காலியை அவள் வருகிறவரை என்று தேநீர்க் கடைக்காரர் எடுத்து வைத்தார், பதினோரு வருஷமாக அது அங்கேயே இருக்கிறது. அவளைப் பற்றி விசாரிக்கக்கூட நான் போகவில்லை. போனால் கேட்பார்களே, நீ யார் என்று.

"என்னப்பா, கதாநாயகி குருடி மாதிரி இருக்கா?" என்று அவளைக் கூட்டிப் போன அந்த வாரமே கொட்டகை முதலாளி கத்தினார்.

வெள்ளை பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.