தேங்காயெண்ணெய் விட்ட பூட்டு

தொண்ணூறுகளில் ஒரு ஜனவரி, காலை எட்டு மணி. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் குடியிருப்பின் முன், ஒரு காரின் டிக்கிப் பின்கதவு வழியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கோட்டு எதிலோ சிக்கிக்கொண்டதால், மேல்மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை வெளியே வந்தார். தலையில் குரங்குத் தொப்பி. என்னோடு பேசும்போதே பனிக்கால டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தார். தங்கை மகளைத் திருமணத்துக்குத் தேவாலயம் அழைத்துப்போக வேண்டும்; முன்கதவுகளில் சாவி நுழையவில்லை.

"பூட்டு உறையாமல் இருக்க ராத்திரி எண்ணெய் விட்டனான், தம்பி."

"என்ன எண்ணெய், அண்ணை?"

"தேங்காயெண்ணெய்தான்."

"குளிரில் அது கட்டியாகிவிடுமே!"

"யாழ்ப்பாணத்திலை ஒருநாளும் கட்டியாகேல்லையே!"

மேல்மாடி ஜன்னலில் மணப்பெண் தலையை நீட்டினாள். "மாமா, நானும் உந்த வழியாலேயோ ஏற வேணும்?"

"ஏலாதெண்டா நடந்து வா, பிள்ளை!"

கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஊர்ந்துபோய், உள்ளிருந்து கதவுகளைத் திறந்தார். மணப்பெண் நேரத்துக்குத் தேவாலயம் போய்ச் சேர்ந்தாள்.

முந்தின ராத்திரி பின்கதவுப் பூட்டுக்கும் விட அவரிடம் எண்ணெய் மிஞ்சியிருக்கவில்லை.