மூன்று மணிக்கும் மூன்று பத்துக்கும் நடுவே

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் புதுக் கட்டடம் திறந்த வாரம் ஊரே அங்கேதான் கிடந்தது. பஸ் ஏற வந்தவர்களைவிடக் கட்டடம் பார்க்க வந்தவர்கள் அதிகம். மூன்று மாடி, முகப்பெல்லாம் கண்ணாடி, உள்ளே நகரும் படிக்கட்டு. கீழே துணிக்கடை, செல்போன் கவர் கடை, ஜூஸ் கடை. சூளகிரிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அந்தப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒரு பெரியம்மா முதல் படியில் காலை வைத்து வைத்து எடுத்தார். கடைசியில், "நான் இங்கியே இருக்கறன், நீங்க போயிட்டு வாங்க" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். இங்கே உட்காரக் கூடாது என்று காவலாளி வந்து சொன்னார். "அப்ப எங்க உக்கார்றது, நீயே சொல்லு" என்று அந்த அம்மா கேட்டார். காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பழைய நிலையத்தில் சிமெண்ட் பெஞ்சுகள் கிடந்த இடத்தில்தான் கடைகள் வந்திருந்தன.

எனக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டாலே ஆகவில்லை. பஸ் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒருவர் "பஸ்ஸு எக்கட" என்பார், அடுத்தவர் "எல்லி" என்பார், நம்மாள் "எங்கண்ணா" என்பார். மூன்று மொழியிலும் கேட்டது ஒரே கேள்விதான். "கடைக்கு நடுவுல கொஞ்சம் பஸ்ஸும் வுடறாங்க" என்று டீக்கடைக்காரர் சொன்னதை நான் பத்துப் பேரிடம் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் எரிச்சலுக்கு உண்மையான காரணம் பெஞ்சும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அதைச் சொல்ல எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். என் மனைவி சாமல்பட்டிக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பிழைக்க வந்த இடத்தில் பார்த்து, பிடித்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்துக் கட்டிக்கொண்டோம். இப்போதும் வேறு வேறு கம்பெனியில்தான் வேலை. மகள் பிறந்தபோது அவளைப் பார்த்துக்கொள்ள இரு பக்கமிருந்தும் ஆள் வர வழியில்லை. அதனால் எங்களைப் போன்ற வீடுகளில் செய்வதையே நாங்களும் செய்தோம். மனைவி முதல் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், நான் இரண்டாவதை வாங்கிக்கொண்டேன். நான் வரும்போது அவள் தூங்குவாள், அவள் கிளம்பும்போது நான் தூங்குவேன். ஞாயிறு தவிர நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது பேருந்து நிலையத்தில் மட்டும்தான்.

அங்கே ஒரு புங்கமரம் இருந்தது. மூன்று மணிக்கு அவளுடைய கம்பெனி பஸ் குருபரப்பள்ளிப் பக்கமிருந்து வந்து அதனடியில் நிற்கும். மூன்று பத்துக்கு என்னுடைய கம்பெனி பஸ் அதே மரத்தடியிலிருந்து கிளம்பும். அந்தப் பத்து நிமிடத்தில் மகளைக் கைமாற்றிக்கொள்வோம். எங்களைப் போல இன்னும் ஏழெட்டு ஜோடிகள் அங்கே நிற்பார்கள். மெஷினை அடுத்த ஆளிடம் ஒப்படைப்பது மாதிரியேதான் நாங்களும் பேசுவோம். "சாப்பிட்டாச்சு. தூங்கல. மூக்கு ஒழுகுது, மருந்து குடுத்திருக்கேன்" என்று நான் சொல்லுவேன். அவள் குழந்தையை வாங்கிக்கொள்வாள்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் சவரம் செய்துகொள்வேன். யூனிஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு நல்ல சட்டையில்தான் போவேன். பொண்ணு பார்க்கப் போகிறாயா என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் அவள் பெரும்பாலும் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. நான் சொல்வதை அரைக்காதில் வாங்கி, "சரி சரி, வர்றன்" என்று டவுன் பஸ்ஸைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஓடுவாள். களைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

புதுக் கட்டடம் வந்ததும் கம்பெனி பஸ்களை உள்ளே விடவில்லை. அவளுடைய பஸ் முன்பக்கம் நெடுஞ்சாலையோரம் நின்றது, என்னுடையது பின்பக்கச் சந்தில். நடுவே அந்தக் கட்டடம். கடைகளுக்கு இடையே ஒரு நடைவழி உண்டு. அதுவும் நேராக இல்லை. பாதி வழியில் பெண்கள் கழிப்பறை துருத்திக்கொண்டு நிற்கும், சுற்றித்தான் வரவேண்டும். நான் பின்வாசலில் மகளோடு நிற்பேன். மூன்று மணிக்கு அவள் பஸ் வந்துவிடும். அவளோடு இறங்கியவர்கள் இரண்டு நிமிடத்தில் என்னைக் கடந்து போவார்கள். அவள் வர மூன்று ஏழு ஆகிவிடும். முகம் கழுவி, பளிச்சென்று வருவாள்.

"ஏன் லேட்டு" என்று ஒருநாள் கேட்டேன். "கூட்டங்க" என்றாள். நான் நம்பவில்லை. துணிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும் பெண்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். இருந்த பத்து நிமிடத்தையும் அந்தக் கடை பிடுங்கிக்கொண்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அவளிடம் கேட்டுச் சண்டை போடவும் எங்களுக்கு நேரமில்லை. கோபத்தை எல்லாம் கட்டடத்தின்மேல் திருப்பினேன்.

ஒரு மனு எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேர். ஒன்று, கம்பெனி பஸ்களைப் பழையபடி மரத்தடியில் நிற்க விட வேண்டும். இரண்டு, உட்கார பெஞ்சு போட வேண்டும். மூன்று, கீழ்த்தள நடைவழியை மறிக்கும் கழிப்பறையை மாடிக்கு மாற்றி, நேர்வழி விட வேண்டும். மூன்றாவது என்னுடைய சொந்த யோசனை. சுற்றி வருவதில் எத்தனை அடி வீணாகிறது என்று நடந்து பார்த்து எண்ணியே எழுதினேன். டீக்கடையில் வைத்து மூன்று பக்கம் கையெழுத்து வாங்கினேன். பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் ஞாயிற்றுக்கிழமை அதை மனைவியிடம் நீட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போட மாட்டன்."

"ஏன்? ஒனக்குத் துணிக்கட பாக்கணுமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் கடை பாக்கவாங்க போறன்? பாத்ரூம் போறன். பதினோரு மணி டீக்கு அப்புறம் நான் தண்ணியே குடிக்கறதில்ல, தெரியுமா? ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் வுட்டா, கார்டத் தேச்சு, செக்கிங் லைன்ல நின்னு, பஸ்ஸப் புடிக்கத்தான் நேரம் இருக்கும். அங்க பாத்ரூம்ல அதுக்கு மேல லைனு. நின்னா பஸ்ஸு போயிரும். அப்புறம் முக்கால் மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு வரணும். எறங்குனா மரத்தடி. அங்க எங்கங்க போறது? பழைய ஸ்டாண்டு பாத்ரூம்ல தாப்பாளும் இல்ல, வாசல்ல ஆம்பளைங்க வேற நிப்பாங்க. பாப்பாவ வாங்கிக்கிட்டு டவுன் பஸ் ஏறி, வூட்டுக்கு வந்து பூட்டத் தொறக்கறதுக்குள்ள உசுரு போயிடும். பாப்பா பொறந்ததுக்கு அப்புறம் முந்தி மாதிரி என்னால அடக்க முடியறதில்லங்க."

நான் மனுவை மடித்துக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நீர்க்கடுப்புன்னு ரெண்டு தடவ டாக்டர்கிட்ட போனமே. கம்பெனித் தண்ணி சரியில்லன்னு நீங்க திட்டிக்கிட்டு வந்தீங்க. தண்ணி குடிச்சிருந்தா இல்ல தண்ணியத் திட்டறதுக்கு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"எப்பங்க? பஸ் ஸ்டாண்டுல, நாலு பேரு நடுவுல நின்னுக்கிட்டா? ஞாயித்துக்கெழம ஒண்ணா இருக்கறதே ஒருநாளு, அதுல போயி இதப் பேசறதான்னு வுட்டுட்டன்." பீன்ஸை மறுபடி கையில் எடுத்தாள். "இப்பதான் நாலு வாரமா மனுசி மாதிரி வந்து எறங்கறன். அத மாடிக்குத் தூக்குங்கன்னு எழுதி வச்சிருக்கீங்க."

அன்று பகல் முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நான் மூன்று வருடமாக ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தேன். அதே நிமிடங்களை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கால்களை ஒடுக்கிக்கொண்டு கடந்திருக்கிறாள். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. மனுவை எடுத்துக் கையெழுத்துகளைத் திரும்பப் பார்த்தேன். மூன்று பக்கத்திலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் மனு கொடுக்கப் போகத் தயாராக இருந்தார்கள். நான் பேனாவை எடுத்து மூன்றாவது வரியை அடித்தேன். ஏன் அடிக்கிறாய், அதுதானே நல்ல யோசனை என்றார்கள். வார்த்தை எளிதில் வரவில்லை. வீட்டு விஷயத்தைப் பொதுவில் சொல்கிறோமே என்று கூச்சம். ஆனால் சொல்லாமல் இருந்துதானே இவ்வளவும் என்று நினைத்து, சொன்னேன். ஒரு இளவட்டம் சிரிக்கப் பார்த்தது. மற்ற யாரும் சிரிக்காததால் அதுவும் அடங்கிவிட்டது. இதற்காக நேர்வழியை விட்டுவிடுவதா என்று ஒருத்தர் முனகிவிட்டு எழுந்து போனார். எங்கள் கம்பெனி லைனிலேயே மூத்தவர் ஒருவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்லயும் அந்தக் கம்பெனிதான்" என்றார். "பதினாலு வருசமா. நான் கேட்டதே இல்ல."

அவரே என்னிடமிருந்து பேனாவை வாங்கி, அடித்த வரிக்குக் கீழே எழுதினார். கழிப்பறை கீழ்த்தளத்திலேயே, எந்நேரமும் திறந்து, பூட்டாமல் இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். மரத்தடி இன்னும் கிடைக்கவில்லை. பெஞ்சு மட்டும் இரண்டு வந்திருக்கிறது, அதிலும் ஒன்று ஜூஸ் கடைக்காரர் சாமான் வைக்கத்தான் உதவுகிறது. இன்றைக்கும் அந்தக் கட்டடம் எனக்குப் பிடிக்காது.

மனு கொடுத்த அன்று மூன்று மணிக்கு நான் பின்வாசலில் நிற்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் பாதி வரைக்கும் வந்து, கழிப்பறைக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நின்றேன். காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டத்தில் அவள் வேகமாக வந்தாள். எங்களைப் பார்த்ததும் தயங்கினாள், வழக்கம்போலக் குழந்தைக்குக் கை நீட்டினாள்.

"மொதல்ல போயிட்டு வா. நாங்க இங்கதான் இருக்கோம்" என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டேன்.

அவள் உள்ளே போனாள். நான் மணியைப் பார்க்கவில்லை. வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தையை உடனே வாங்கவில்லை. டவுன் பஸ் வரும் பக்கமும் பார்க்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "சாப்டீங்களா" என்று கேட்டாள்.

அந்த இடத்தில், மூன்று வருடத்தில், அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பின்னால் என் பஸ் ஹாரன் அடித்தது.

"போங்க, எடுத்துருவான்" என்றாள்.

"எடுக்கட்டும்" என்றேன். காலையில் என்ன சமைத்தேன், மகள் அதில் எவ்வளவு சாப்பிட்டாள், மீதி எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் முழுக்காதும் கொடுத்துக் கேட்டாள்.